என்னியோ மோரிக்கோனே: மறைத்த பெயரும் மறவாத மொழியும்

1964-ஆம் ஆண்டு இத்தாலியில் வெளிவந்த 'ஒரு கைப்பிடி டாலர்கள்' என்னும் திரைப்படத்தின் பெயர்ப்பட்டியலில், இசையமைத்தவர் 'தான் சாவியோ' என்றிருந்தது. அப்படியொருவர் உலகில் இல்லை. இயக்குநர் செர்கியோ லியோனே 'பாப் இராபர்ட்சன்' ஆனார். நடிகர் வொலொந்தே 'சான் வெல்சு' ஆனார். குதிரைவீரர் படமென்றால் அமெரிக்கப் பெயர்கள் இருந்தால்தான் இத்தாலிய மக்கள் காசு கொடுத்துப் பார்ப்பர் என்பது அக்காலப் படமுதலாளிகளின் கணக்கு. தன் நாட்டான் ஆக்கியதைத் தன் நாட்டானே மதியான் என்னும் இழிநினைவு நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

அப்பொய்ப்பெயருக்குள் ஒளிந்திருந்தவர் என்னியோ மோரிக்கோனே. 1928-இல் உரோமையில் பிறந்தவர். தந்தையார் எக்காளக் கலைஞர். மகனும் அக்கருவியையே பயின்று, தூய செசிலியா இசைக்கல்லூரியில் பெத்ராசி என்பாரிடம் இசையாக்கம் கற்றார். லியோனேவும் அவரும் தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்பினர். 1958-இல் இத்தாலிய ஒளிபரப்பு நிறுவனத்தில் பணி கிடைத்தது. ஆங்குப் பணிபுரிவோர் ஆக்கிய இசை ஒலிபரப்பப்படாது என்னும் கட்டுப்பாட்டை அறிந்ததும், முதல் நாளே விலகினார். (முப்பதாண்டு மாதச் சம்பளத்தில் வாழ்ந்த எனக்கு அதன் அருமை தெரியும்.) பின்னாளில் அந்நிறுவனத்தின் 'மார்க்கோ போலோ' (1982), 'லா பியோவ்ரா' முதலிய தொலைக்காட்சித் தொடர்களுக்கு அவரே இசையமைத்தார்.

சீழ்க்கை, சாட்டையடி, பட்டடையொலி, மணியோசை ஆகிய எளிய ஒலிகளையெல்லாம் இசையாக்கிக் காட்டியவர் அவர். லியோனேவின் 1968-ஆம் ஆண்டுப் படத்திற்கு இசை முன்னரே ஆக்கப்பட்டுப் படப்பிடிப்புக் களத்தில் ஒலித்தது. நடிகர்கள் அவ்விசைக்கேற்ப நடந்தனர். ஒவ்வொரு கருவிக்குமுரிய பகுதியையும் பிறர் கையில் விடாது தாமே எழுதுவார். திரைக்கும் தொலைக்காட்சிக்குமாக 400-க்கு மேற்பட்ட ஆக்கங்கள்!

ஆங்கிலமின்றி உலகப்புகழ் ஏது என்பார் இதனைக் கேட்கட்டும். மோரிக்கோனே ஆங்கிலம் பேசாதவர். உரோமையை விட்டு ஆலிவுட்டுக்குக் குடிபெயராதவர். மாலிக்கு 1978-இலும், சோப்பே 1986-இலும், தி பால்மா 1987-இலும் வெளியிட்ட ஆங்கிலப் படங்களுக்கு இசை அவருடையதே. இசைக்கு மொழியில்லை, ஆதலால் இஃது எடுத்துக்காட்டாகாது எனச் சிலர் மறுப்பர். இசைக்கு மொழியில்லைதான். ஆனால், இயக்குநரோடு உரையாடவும், ஒப்பந்தம் எழுதவும், கூலி கேட்கவும் மொழி வேண்டாவா? அவ்வனைத்தையும் தம் தாய்மொழியில் நின்றே அவர் நடத்தினார்.

ஆசுக்கர்ப் பரிசுக்கு ஐந்து முறை அவர் பெயர் குறிக்கப்பட்டும் ஐந்து முறையும் கைநழுவியது. 'தி மிசன்' படத்தின் அரிய இசைக்கும் கிடைக்கவில்லை. ஆங்கிலம் பேசாமையே அதற்கு ஏதுவென்று சொல்லத் துணியேன். சான்றின்றிச் சாடுதல் நம் வழக்காகக் கூடாது. 2007-இல், 78-ஆம் அகவையில், வாழ்நாட்பணிக்கான ஆசுக்கரைப் பெற்றபோது இத்தாலிய மொழியிலேயே நன்றி நவின்றார். அவர் இசையின் துணையோடு குதிரையேறிப் புகழ்பெற்ற கிளிண்ட் ஈசுட்டுவுட்டு அருகில் நின்று அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். மொழிபெயர்க்கும் கடன் எவர்க்குரியது என்பதை அன்று அவ்வரங்கம் கண்டது! 2016-இல் தரந்தினோவின் படத்திற்காகப் போட்டிப் பரிசே கிடைத்தபோதும் அவர் மொழி மாறவில்லை.

2020 சூலை 6-இல் உரோமையிலேயே மறைந்தார். தம் சாவறிவிப்பைத் தாமே முன்னதாக எழுதி வைத்திருந்தார். அது அவருடைய முழுப்பெயரோடு தொடங்குகிறது.