அபராதம் யார் பணம்?

2010 செப்டம்பர் 9, மாலை ஆறு மணியைத் தாண்டிய நேரம். கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில் வீடுகளுக்கு நடுவே, மண்ணுக்கடியில் ஓடிய எரிவாயுக் குழாய் வெடித்தது. 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் எரிந்து போயின. வாயு வருவதை நிறுத்தவே 95 நிமிடங்கள் பிடித்தன. 1956-இல் புதைத்த 30 அங்குலக் குழாய் அது. நீளவாக்கில் பற்றவைப்பே இல்லாத குழாய் என்று, அதன் உரிமையாளரான பி.ஜி. அண்டு இ. நிறுவனத்தின் பதிவேடு சொன்னது. வெடித்த துண்டிலோ அரைகுறையாகப் பற்றவைத்த இணைப்பு இருந்தது.

குற்றவியல் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 2017-இல் விதித்த அபராதம் 30 லட்சம் டாலர். அதற்கு இரண்டாண்டு முன்பே மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் விதித்தது 160 கோடி டாலர். அதில் 85 கோடி குழாய்ப் பாதுகாப்புப் பணிகளுக்கு, 40 கோடி வாடிக்கையாளர்களின் கட்டணக் கழிவுக்கு, 30 கோடி மாநிலக் கருவூலத்துக்கு. எல்லாம் பங்குதாரர்களின் பணத்திலிருந்து. கட்டணத்தில் ஏற்றி வசூலிக்க வழியில்லை. அந்தத் தீர்ப்பின் உயிர் இந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

அபராதம் மட்டும் ஒரு நிறுவனத்தைத் திருத்திவிடாது என்பதும் உண்மை. 2018-இல் பாரடைஸ் நகரை அழித்த காட்டுத்தீ அதே நிறுவனத்தின் மின்கம்பியிலிருந்து கிளம்பியது. 84 மரணங்களுக்கு அது நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

நம் மின்சாரச் சட்டம் என்ன சொல்கிறது? 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்படி, ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவை மீறினால் ஒரு மீறலுக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 6,000 ரூபாய் வரை. ஒரு மாநிலத்துக்கே மின்சாரம் விற்கும் நிறுவனத்துக்கு இது உறைக்கிற தொகையே அல்ல.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே மின் விநியோகம் அரசு நிறுவனத்தின் கையில். அபராதம் எவ்வளவு போட்டாலும், சுற்றிச் சுற்றி அது மின்கட்டணம் கட்டுபவர் தலையிலோ வரி கட்டுபவர் தலையிலோதான் விழும். அதனால் இங்கே கருவூலத்துக்குப் போகும் அபராதத்தைவிட, பாதிக்கப்பட்டவர் கைக்கு வரும் இழப்பீடே முக்கியம். சட்டத்தின் 57-ஆவது பிரிவு அந்த இழப்பீட்டை உரிமையாகவே தருகிறது.

ஆனால் தொகையைப் பாருங்கள். புதிய இணைப்பு தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய், அதிகபட்சம் 1,000 என்றுதான் 2004-இல் தமிழ்நாட்டு விதிமுறை வகுத்தது. கடன் வாங்கி மாவு மில் வைத்துவிட்டு இணைப்புக்காகக் காத்திருப்பவருக்கு அது ஒரு மாத வட்டிக்குக்கூட ஆகாது. தூரத்திலிருந்தே கண்காணிக்கக்கூடிய சேவைக் குறைகளுக்கு இழப்பீடு தானாகவே வர வேண்டும் என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகள் சொல்கின்றன. தொகையை உயர்த்தி, கேட்காமலே அடுத்த கட்டணத்தில் கழித்துத் தரச் செய்ய வேண்டியது ஒழுங்குமுறை ஆணையத்தின் கடமை.

2024-இல் திருத்திய விதிகளின்படி புதிய இணைப்புக்கு உச்சவரம்பு பெருநகரங்களில் 3 நாள், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள். விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கெடு தாண்டினால் உங்கள் வட்டத்தின் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எழுத்து மூலம் இழப்பீடு கேளுங்கள்.