தும்புத்தடியும் போத்தல் மூடியும்

கிரிக்கெட் ஆட்டத்திலே ஊறிய நம்மவர்க்கு அமெரிக்க நாட்டுப் பேஸ்போல் ஆட்டம் சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். எறிபவன் ஒருவன், அடிப்பவன் ஒருவன் என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆயினும் பேஸ்போலிற் பந்து நிலத்திற் பட்டு எழ வேண்டியதில்லை. 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து நேரே பறந்து வருகின்றது. மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியப்படும் பந்து அடிப்பவனை அடைவதற்கு அரை விநாடியும் செல்லாது. அவன் கையிலுள்ள மட்டையோ தட்டையானதன்று, உருண்டையானது. அதன் மிகப் பருத்த பாகமும் 2.61 அங்குல விட்டத்தை மீறலாகாது என்பது விதி. உருண்டைப் பந்தை உருண்டை மட்டையால் நேர்பட அடித்தல் எத்துணை அரிதென்பதை இதனால் உணரலாம். ஆயிரம் முறை அடித்துப் பழகினாலன்றி இக்கலை கைவராது.

பழகுவதற்குப் பந்தெறியத் துணைவன் வேண்டும். ஓடிப் பொறுக்க ஆள் வேண்டும். கடைக் கருவிகளுக்குப் பணம் வேண்டும். இவை இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வது? அமெரிக்கக் குடும்பங்கள் பல தம் வீட்டு வளவிலேயே இதற்கு விடை கண்டுள்ளன.

முதலாவது, பந்து தாங்கி. கனத்த பலகையொன்றின் நடுவே ஒரு குழாயை நிமிர்த்திப் பொருத்தி, அதன் உச்சியில் மோட்டார் வண்டியின் றேடியேற்றருக்குச் செல்லும் தடித்த றப்பர்க் குழாயிலே ஒரு துண்டைச் செருகுவர். பந்து அதன்மேல் அமரும். அடி தவறித் தாங்கியிற் பட்டாலும் றப்பர் வளைந்து கொடுக்குமாதலால் மட்டைக்குச் சேதமில்லை. உயரம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்டதாக இருத்தல் நன்று. எதிரே பழைய மீன்வலையையோ தடித்த துணியையோ தளர்வாகத் தொங்கவிட வேண்டும். இறுக்கிக் கட்டிய வலையிற் பட்ட பந்து திரும்பிப் பாயும்; தளர்ந்த வலையோ அதன் வேகத்தைச் சிறிது சிறிதாக உண்டு கீழே விழச் செய்யும்.

இரண்டாவது, தொங்கு பந்து. பழைய காலுறைக்குள் கந்தைத் துணியை இறுகத் திணித்து, கயிற்றாற் கட்டி மரக்கிளையிலே தொங்கவிட்டாற் போதும். நடுவிலே நேராக அடித்தால் அது நேரே சென்று நேரே மீளும். கோணலாக அடித்தாற் பக்கவாட்டிற் சுழலும். ஆதலின் பந்தே பிழையைச் சொல்லிவிடும். மட்டை வீசும் எல்லைக்குள் தம்பி தங்கையர் வராமற் பார்த்துக்கொள்வது பெரியோர் கடமை.

இவற்றினும் எளிய கருவியோடு வளர்ந்தவர் ஹாங்க் ஆரன். 1934ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்து மொபீல் நகரிலே, கறுப்பினத்தவர் ஒதுக்கிவைக்கப்பட்ட காலத்தில், வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். மட்டைக்குப் பதில் தும்புத்தடி. பந்துக்குப் பதில் போத்தல் மூடி! காற்றில் அலைந்து வரும் சிறு மூடியை மெல்லிய தடியால் அடித்துப் பழகிய கண்ணுக்குப் பந்து பெரிதாகத் தோன்றியதில் வியப்பென்ன? 1974 ஏப்ரல் 8ஆந் திகதி அவர் தமது 715ஆவது ‘ஹோம் ரன்’ அடியை அடித்து, பேப் ரூத் நிலைநாட்டிய 714 என்னும் சாதனையைக் கடந்தார். 1976இல் ஓய்வு பெறும்போது அத்தொகை 755. நாமறிந்த டொன் பிராட்மனும் சிறுவயதில் கிரிக்கெட் விக்கெற் குச்சியொன்றால் கோல்ப் பந்தை நீர்த்தாங்கியின் செங்கல் அடித்தளத்தில் அடித்தே பழகினார்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆரன் இளமையில் மட்டையைக் கைமாற்றிப் பிடித்தே ஆடிவந்தார். வலக்கை மேலிருக்க வேண்டிய இடத்தில் இடக்கையை வைத்திருந்தார். தொழில்முறை ஆட்டத்திற் புகுந்த பின்னரே அது திருத்தப்பட்டது. தும்புத்தடி கண்ணைக் கூர்மையாக்கும்; கைப்பிடியைத் திருத்தாது. அதற்கு அறிந்தவர் ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை விளையாட்டுக் கருவி கேட்கும்போது பணமில்லையே என்று வருந்தற்க. பழம்பொருட்களைக் கொண்டு அவனோடு சேர்ந்து ஒன்றைச் செய்து கொடுங்கள். பின்பு மாலையிலே அரைமணி நேரம் அருகில் நின்று பாருங்கள். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையாதது அந்த அரைமணி நேரமே.