நடுவில் நிற்கும் நாய்

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை நாம் அறிவோம். ஆட்டிச நிலையிலுள்ள குழந்தைக்கு நாய் என்ன செய்துவிட முடியும் என்று கேட்போர் உண்டு. கனடாவில் 1990களிலிருந்தே இதற்கென நாய்களைப் பழக்கி வருகிறார்கள்.

ஏற்பாடு எளியது. நாயின் வார் தாயின் அல்லது தந்தையின் கையில் இருக்கும், கட்டளையும் அவர்களுடையதே. நாயின் மேலங்கியிலிருந்து இன்னொரு வார் குழந்தையின் இடுப்புப் பட்டைக்குச் செல்லும். குழந்தை திடீரெனச் சாலையை நோக்கி ஓட முற்பட்டால் நாய் அசையாமல் நின்றுவிடும். அந்தச் சில நொடிகள் பெற்றோருக்குப் போதும். ஓடிவிடுமோ என்ற அச்சத்தில் கடைக்கும் பூங்காவுக்கும் போவதையே நிறுத்திவிட்ட குடும்பம் அந்த நொடிகளின் அருமையை அறியும்.

மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 42 குழந்தைகளின் உமிழ்நீரில் கார்ட்டிசாலை அளந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். மன இறுக்கத்தின்போது மிகும் ஹார்மோன் இது. காலையில் கண்விழித்ததும் எவருக்கும் சற்று உயரும். நாய் வருமுன் இக்குழந்தைகளிடம் அவ்வுயர்வு 58 விழுக்காடு, வந்தபின் 10. நாயைச் சிறிது காலம் விலக்கியபோது மீண்டும் 48. நாள் முழுவதற்குமான சராசரியில் மாற்றமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான் கருத்தில் கொள்வது அந்த 48ஐத்தான். நாயை விலக்கியதும் பயன் மறைகிறதே, இது என்ன மருத்துவம் என்று கேட்கலாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்குகிறது. அதனால் கண்ணாடி வீண் என்று யாரும் சொல்வதில்லை. ஆட்டிசம் நீக்கப்படவேண்டிய நோயன்று. நாயிடம் குணமாக்கலை எதிர்பார்ப்பவர், அது அன்றாடம் தரும் துணையைக் காணத் தவறுகிறார்.

அத்துணை எங்கெங்கு செல்லலாம் என்பதே இன்றுள்ள சிக்கல். ஒன்டாரியோவில் ஒரு பள்ளி வாரியம் ஆட்டிச மாணவன் ஒருவனின் நாயை வகுப்பறைக்குள் விட மறுத்தது. மாணவனுக்கு வேண்டிய உதவிகளைப் பள்ளி வேறு வழிகளில் அளித்துவருகிறது என்று கருதிய மனித உரிமைத் தீர்ப்பாயம், 2017இல் வாரியத்தின் பக்கமே நின்றது. ஒவ்வாமையுள்ள பிள்ளைகள், நாய்க்கு அஞ்சும் பிள்ளைகள் என்று பள்ளிகள் சொல்லும் தயக்கங்கள் பொய்யல்ல. ஆயினும் இருக்கையை மாற்றியும் நேரத்தைப் பகிர்ந்தும் அவற்றில் பலவற்றைத் தீர்க்கலாம். படிப்பில் தேறுகிறானா என்பதோடு விசாரணை முடிந்துவிடலாகாது. எவ்வளவு இறுக்கத்தைச் சுமந்துகொண்டு தேறுகிறான் என்றும் கேட்கவேண்டும்.