மயிலையில் காளான்

மயிலையிலும் தியாகராயநகரிலும் உள்ள சைவ உணவகங்களிலே இன்று காளான் வறுவல் கேட்டால் உடனே வருகிறது. கேட்பவர் எந்தக் குலம் என்று எவரும் பார்ப்பதில்லை. மகிழ்ச்சி! மனுதர்மத்தின் ஐந்தாம் அத்தியாயம் வெங்காயம், பூண்டோடு காளானையும் சேர்த்து இருபிறப்பாளருக்கு ஆகாது என்று ஒதுக்கியது. ஏடு ஒதுக்கியதை நாக்கு ஏற்றுக்கொண்டது. சாத்திரம் தோற்ற இடங்களில் இதுவும் ஒன்று.

அதோடு நாம் நின்றுவிட முடியுமா? உண்பவர் யாரென்று தெரிகிறது. விளைத்துப் பயன் பெறுவோர் யார் என்பதே நமது கேள்வி.

காளான் வளர்ப்பு என்றவுடன் குளிர்சாதன அறை வேண்டும், பெருமுதல் வேண்டும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். மொட்டுக் காளானுக்கு அது பொருந்தும். விளையும் பருவத்தில் அதற்கு 15 முதல் 18 டிகிரி வரைதான் வெப்பம் இருக்கலாம். உதகைக்கு ஏற்ற அந்தப் பயிரை அடையாற்றில் இரவும் பகலும் மின்சாரத்தைக் கொட்டி வளர்ப்பது அறிவுடைமை ஆகுமா? பணக்காரப் பொழுதுபோக்கு ஆகலாம். ஏழைக்குத் தொழில் ஆகாது.

நம் மண்ணுக்கேற்ற காளான் இல்லாமற் போகவில்லை. மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974-இல் அறிவியலார் விவரித்த பால் காளானைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆராய்ந்து, 1998-இல் ஏ.பி.கே.-2 என்ற பெயரில் வெளியிட்டது. எந்த ஊரிலிருந்து? வெயிலுக்குப் பேர்போன அருப்புக்கோட்டையிலிருந்து! 30, 35 டிகிரி வெப்பத்திலும் அது விளையும். சிப்பிக் காளான் பறித்த மறுநாளே வாடத் தொடங்கும். இதுவோ சில நாள் தாங்கும்.

சென்னை வறண்ட ஊரா? குழாயைக் கேட்டால் ஆம் என்னும். 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலிலே தண்ணீர் வந்ததை யார் மறப்பார்? ஆனால் காற்றைக் கேட்டால் வேறு விடை வரும். கடல் ஈரம் நமக்கு இலவசம். வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் அனற்காற்று, கடற்காற்று எழும்வரை உலர்த்தியெடுக்கும். அந்த நேரத்துக்குத் தரையில் மணலும், சுவரில் நனைத்த கோணியும் வேண்டும். மற்றபடி, ஊறவைத்து வேகவைத்த வைக்கோலை ஈரம் மட்டும் நிற்க வடித்து, வித்திட்டுப் படுக்கையாக்கி, வித்து பரவியபின் மேலே மண் பூச்சிட்டு, அளவாக நீர் தெளிப்பதுதான் வேலை. முறையாகப் பார்த்துக்கொண்டால் ஒரு கிலோ காய்ந்த வைக்கோலில் ஏறக்குறைய ஒரு கிலோ காளான் எடுக்கலாம். வடித்த நீர் செடிக்கு. கழிந்த வைக்கோல் எருவுக்கு.

கிண்டியில் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே கற்றுக்கொண்டு நொச்சிக்குப்பத்துக்கோ பட்டினப்பாக்கத்துக்கோ திரும்பும் பெண், படுக்கையை எங்கே வைப்பாள்? குடும்பம் முழுதும் படுத்துறங்கும் ஓர் அறையிலா? கூடாது, காளான் பொடிவித்து மூச்சுக்குக் கேடு செய்யும், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

1970-இல் கழக ஆட்சி தோற்றுவித்த குடிசை மாற்று வாரியம், 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் பெற்றிருக்கிறது. குடியிருப்புகளைப் புதிதாகக் கட்டும்போது, வீடுகளுக்கு அப்பால், காற்றோட்டமுள்ள பொதுக் குடில் ஒன்றுக்கு அந்த வாரியம் இடம் ஒதுக்கட்டும். மகளிர் குழுக்களிடம் அதை ஒப்படைக்கட்டும். வித்துக்காகப் பெண்கள் கோவைக்கு எழுதிக் காத்திராதபடி, தரமான வித்து சென்னையிலேயே தட்டாமல் கிடைக்க வழி செய்யட்டும். வைக்கோல் செங்கற்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் வரும். வாங்குவோர் தியாகராயநகரிலே காத்திருக்கிறார்கள். குடிலுக்கு இடம் எப்போது என்று வாரியத்தைக் கேட்கிறோம்.