தனியே ஒரு பயணம்

“பெண் பிள்ளை, தனியாகவா போகிறாய்? பேச்சுத் துணைக்குக்கூட ஆள் வேண்டாமா?”

நேட்சஸ் டிரேஸ் பூங்காச் சாலையில் மூன்று நாள் பயணம் செய்யப் போவதாகத் தொலைபேசியில் சொன்னதும் அம்மா கேட்ட கேள்வி இது. அவரது அச்சம் நியாயமானதே. ஆனாலும், சில சாலைகளில் தனியே செல்வதுதான் சிறந்தது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள நேட்சஸ் நகரில் தொடங்கும் இச்சாலை, அலபாமாவின் ஒரு மூலையைக் கடந்து, டென்னசி மாநிலத்தில் நேஷ்வில் நகருக்கு அருகே முடிகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 715 கிலோமீட்டர். இங்குச் சரக்கு லாரிகளுக்கு அனுமதியில்லை; விளம்பரப் பலகைகளும் இல்லை. பெரும்பாலான இடங்களில் மணிக்கு 80 கிலோமீட்டருக்குமேல் செல்லக்கூடாது. வேகமாகப் போக விரும்புபவருக்கு இது ஏற்ற சாலை அன்று.

பழங்குடி மக்கள் நடந்து நடந்து உருவான பாதை இது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒகையோ ஆற்றுப் பகுதி வணிகர்கள் படகில் சரக்கேற்றி மிசிசிப்பி ஆற்றின் வழியே தெற்கே வந்தனர். ஆற்றை எதிர்த்துத் திரும்ப முடியாததால் படகையே மரத்துக்காக விற்றுவிட்டு, இப்பாதையில் ஒரு மாதத்துக்குமேல் நடந்து வீடு திரும்பினர். போர்ட் கிப்சன் ஊருக்கு அருகே பழைய பாதையின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. மென்மையான மண் கால்பட்டுக் கால்பட்டுத் தேய்ந்து, என் தலைக்கு மேலே கரைகள் உயர்ந்து நின்றன. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நண்பர்கள் உடனிருந்தால் பத்து நிமிடத்தில், நான்கு படங்களோடு புறப்பட்டிருப்போம். முன்பு கூட்டமாகச் சென்ற பயணங்களில் நாங்கள் பேசிய வேடிக்கைகள்தாம் நினைவிலுள்ளன. பார்த்த இடங்கள் இல்லை.

தனிப் பயணத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இச்சாலையின் சில பகுதிகளில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. பெட்ரோல் நிரப்ப, சாலையை விட்டு விலகிப் பக்கத்து ஊருக்குத்தான் போகவேண்டும். எந்நேரம் எங்கே இருப்பேன் என்று ஒரு தோழியிடம் எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்பினேன். இதுகூடச் செய்யாமல் புறப்படுவது துணிச்சல் அன்று, அசட்டுத்தனம்.

அலபாமாவில் சாலைக்கு அருகே ஒரு நீண்ட கற்சுவர் உண்டு. 1830களில் பழங்குடி மக்களை அமெரிக்க அரசு அவர்களது நிலத்திலிருந்து மேற்கே விரட்டியது. அப்படிக் கொண்டுசெல்லப்பட்ட யூச்சி இனப் பெண் தெலாநே, தன் ஊர் ஆற்றின் பாட்டு அங்கே கேட்கவில்லை என்று தனியாகவே நடந்து திரும்பி வந்தாராம். அவர் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை இது. அவரது வழித்தோன்றலான டாம் ஹென்ட்ரிக்ஸ், அவர் நடந்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு கல் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அடுக்கிய சுவர் அது. சாந்து பூசாமல் அடுக்கிய வெறும் கற்கள். அச்சுவரின் ஓரமாக நடந்தபோது, பேச்சுத் துணை இல்லாதது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

அன்றிரவு அம்மாவை அழைத்துத் தெலாநேயின் கதையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்டார்.