விகிதம் மட்டும் போதாது

எர்பியம் கலந்த ஒளிர்பொடி 525, 545 நானோமீட்டரை ஒட்டி இரு பச்சைப் பட்டைகளை உமிழும். அவற்றின் செறிவு விகிதம் போல்ட்ஸ்மான் விதிப்படி வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது, ஆகவே பொடியை வெப்பமானியாகப் பயன்படுத்த அளவுத்திருத்தம் தேவையில்லை என்பது பரவலான வாதம். விதி சரி, முடிவு தவறு. 1972 முதல் இன்டெல் சில்லுகளைப் பொருத்திவரும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் போன்ற இடத்தில் சில்லின் வெப்பநிலையை அளக்கும் தேவையை வைத்துப் பார்த்தால் பிழை விளங்கும்.

1. விதியில் ஒரு மாறிலியும் உண்டு. அது பொடியின் படிக அமைப்பையும் ஒளியுணரியையும் பொறுத்தது. அளக்காமல் அதை எப்படி அறிவது?

2. அறை வெப்பநிலையில் விகிதம் கெல்வினுக்குச் சுமார் 1 சதவீதமே மாறும். விகிதத்தில் 2 சதவீதப் பிழை என்றால் 2 கெல்வின் பிழை. 400 கெல்வினில் உணர்திறன் 0.6 சதவீதமாகக் குறையும். அதே பிழை 3 கெல்வினைத் தாண்டும்.

3. இட்டெர்பியமும் சேர்ந்த பொடியைத் தூண்டுவது பெரும்பாலும் 980 நானோமீட்டர் லேசர். சிலிக்கன் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அப்போது கருவி காட்டுவது சில்லு தானே எட்டிய வெப்பநிலையா, லேசர் ஏற்றியதா?

4. லேசர் செறிவு கூடினால், எர்பியத்தின் வேறோர் உயர்நிலை உமிழ்வு 545 பட்டையின் ஓரத்தில் கலக்கும். வெப்பநிலை மாறாமலே விகிதம் மாறும்.

வெப்ப இணையின் கம்பி வெப்பத்தை உறிஞ்சிச் செல்லும் நுண்பரப்பிலும், பளபளக்கும் உலோகம் அகச்சிவப்புக் கேமராவை ஏமாற்றும் இடத்திலும் இம்முறை மதிப்புமிக்கது. அதனாலேயே நிபந்தனைகள் கட்டாயம்: ஒவ்வொரு பொடித் தொகுதியையும் அதே பரப்பில், தெரிந்த வெப்பநிலைகளில் திருத்த வேண்டும், அளவீடு மாறாத நிலை வரும்வரை லேசர் திறனைக் குறைக்க வேண்டும்.