முகத்தை மூடினால் ஃபைனா?

சுவிட்சர்லாந்தில் 2025 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் முகத்தை மூடிக்கொண்டு போனால் அபராதம். அதிகபட்சம் 1,000 ஃபிராங்க். சட்டத்தில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. முகமூடி போட்டுக்கொண்டு கலாட்டா செய்யும் ஃபுட்பால் ரசிகர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சட்டம் என்றார்கள். ஆனால் 2021 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்புக்கு முன் ஒட்டிய போஸ்டர்களில் ஃபுட்பால் ரசிகனைக் காணோம். கண் மட்டும் தெரிகிற கறுப்பு நிகாபில் ஒரு பெண்ணும், 'தீவிரவாதத்தை நிறுத்து' என்ற வாசகமும்தான் இருந்தன. அந்நாட்டு அரசாங்கமே வேண்டாம் என்று சொல்லியும் 51.2 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 2009-ல் மசூதிகளில் மினார் கட்டக் கூடாது என்று வாக்கெடுப்பு கொண்டுவந்த அதே வட்டாரம்தான் இதையும் கொண்டுவந்தது. அன்று அந்த நாட்டில் இருந்த மினார்கள் மொத்தம் நாலு!

ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் 'பர்தா'ன்னு ஒரே வார்த்தையைச் சொல்லிடுறோம். ஹிஜாப் தலைமுடியை மூடும் துணி, முகம் தெரியும். நிகாபில் கண் மட்டும் தெரியும். 2022-ல் கர்நாடகக் கல்லூரிகளில் வந்த பிரச்சினை ஹிஜாப் பற்றியது. இங்கே நான் பேசுவது நிகாபைப் பற்றி மட்டும்.

சுவிஸ் சட்டத்தின் விதிவிலக்குகளைப் படித்தால் விஷயம் புரிந்துவிடும். உடல்நலம், பாதுகாப்பு, குளிர், கலை நிகழ்ச்சி, விளம்பரம், உள்ளூர் வழக்கம் எல்லாவற்றுக்கும் முகத்தை மூடலாம். பாசெல் நகரத் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோர் முழு முகமூடியோடு மூன்று நாள் தெருவில் மேளம் அடித்துக்கொண்டு போவார்கள். அது அவர்கள் பாரம்பரியம், அதனால் தப்பில்லை. அப்படியென்றால் மூடிய முகம் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. யார் மூடுகிறார், எதற்காக மூடுகிறார் என்பதுதான் பிரச்சினை. லூசர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றின்படி அந்த நாட்டில் நிகாப் அணிபவர்கள் சுமார் 30 பேர்தான். மக்கள்தொகையோ 86 லட்சத்துக்கு மேல். முப்பது பேருக்காக அரசியலமைப்பையே திருத்தியிருக்கிறார்கள்.

எனக்கும் நிகாப் பிடிக்காது. ஒரு பெண்ணின் முகம் வெளியே தெரிவதே ஆபத்து என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது, அதோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பிடிக்காததை எல்லாம் போலீஸ் வைத்துத் தடுக்கலாமா என்பதே என் கேள்வி.

தடைக்குச் சொல்லப்படும் காரணங்களில் வலுவானது ஒன்று உண்டு. "அவளாக விரும்பியா போடுகிறாள்? வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்கள். தடை வந்தால் அவளுக்கு விடுதலை." சில வீடுகளில் கட்டாயம் இருப்பது உண்மை. ஆனால் இந்த வைத்தியத்தை ஏற்கெனவே ஒரு நாடு செய்து பார்த்துவிட்டது. ஈரானில் 1936-ல் ரெசா ஷா பெண்கள் முக்காடு போடவே கூடாது என்று உத்தரவு போட்டார். தெருவில் போலீஸ் பெண்களின் துணியைப் பிடித்து இழுத்தது. விளைவு என்ன? பல பெண்கள் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்கள். பல வீடுகளில் குளியலறை இல்லாத காலம் அது. பொதுக் குளியல் கூடத்துக்குப் போவதுகூட அவர்களுக்குப் பெரிய பாடாகிவிட்டது. படிக்க, வேலைக்கு, கடைக்கு என்று வெளியே வர இருந்த கொஞ்ச வாய்ப்பையும் விடுதலை என்ற பெயரில் அரசே பிடுங்கியது. பிறகு புரட்சி வந்தது, சக்கரம் தலைகீழாகச் சுழன்றது. 1983 சட்டப்படி முக்காடு போடாவிட்டால் 74 கசையடி வரை தண்டனை. 2022-ல் மாசா அமினி போலீஸ் காவலில் இறந்தபோது ஈரான் தெருக்கள் கொதித்தது இந்தக் கட்டாயத்துக்கு எதிராகத்தான். கழற்று என்றவனும் சரி, போடு என்றவனும் சரி, அவளிடம் கேட்கவே இல்லை.

பிரான்ஸ் 2010-ல் போட்ட சட்டத்தில் ஒரு நல்ல பகுதியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. பெண்ணை மிரட்டி முகத்தை மூட வைப்பவருக்கு ஓராண்டு சிறை, 30,000 யூரோ அபராதம். இந்தப் பகுதிக்கு நான் கைதூக்குவேன். ஆனால் அதே சட்டம் அந்தப் பெண்ணுக்கும் 150 யூரோ வரை போடுகிறது. மிரட்டப்பட்டவள் பாதிக்கப்பட்டவள் என்றால் அவளுக்கு ஏன் ஃபைன்? தானாக விரும்பிப் போட்டவள் என்றால் விடுதலை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ரெண்டுல ஒண்ணுதான் சொல்ல முடியும்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கும் இது உறுத்தியிருக்கிறது. 2014 தீர்ப்பில் பிரான்ஸின் தடை செல்லும் என்றது. ஆனால் நாம் வழக்கமாகக் கேட்கும் ரெண்டு காரணங்களை ஏற்கவில்லை. இந்த உடையை விரும்பி அணியும் பெண்ணுக்கு எதிராக ஆண் பெண் சமத்துவத்தைக் காட்டித் தடை கேட்க முடியாது என்றது. பாதுகாப்புக்கு மொத்தத் தடை தேவையில்லை என்றது. 'சேர்ந்து வாழ்தல்' என்ற ஒரே காரணத்தை மட்டும் ஏற்றுக்கொண்டது. முகம் தெரிந்தால்தான் பழக முடியும் என்பது அதன் சாரம். 2020-ல் கொரோனா வந்ததும் பாரிஸ் மெட்ரோவில் மாஸ்க் கட்டாயமானது, இந்தத் தடையும் அப்படியே இருந்தது. முகம் தெரியாமலே அத்தனை பேரும் பழகிக்கொண்டுதான் இருந்தோம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேச இலங்கை போதும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடிக்கச் செய்தவர்கள் ஆண்கள். முதுகில் பையோடு, முகம் தெரிய நடந்து போனது சிசிடிவியில் பதிவாகியிருக்கிறது. எட்டாவது நாள் அவசரகால விதியின் கீழ் முகம் மூடும் உடைக்குத் தடை வந்தது. தடை முகத்தோடு நிற்கவில்லை. வெறும் தலைத்துணியும் அபாயாவும் அணிந்த பெண்களைக்கூட மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் நிறுத்திக் கழற்றச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலத் தமிழ் பேசுபவர்கள்.

பாதுகாப்புக்கு ரூல் எப்படி எழுதணும்னு நமக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். லேத் பக்கத்தில் துப்பட்டா தொங்கக் கூடாது, ஐடி கார்டு டேக் தொங்கக் கூடாது, விரித்த முடி கூடாது, லூஸ் சட்டை கூடாது. எந்த மெஷின், எந்த நேரம், என்ன ஆபத்து என்று பார்த்து எழுதிய ரூல் அது. அதனால் யாரும் அதை எதிர்த்துக் கொடி பிடிப்பதில்லை. ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்ததும் துப்பட்டாவை எப்படிப் போட்டாலும் யாரும் கேட்பதில்லை.

முகத்துக்கும் இப்படியே செய்யலாம். எக்ஸாம் ஹாலில் ஹால் டிக்கெட்டோடு முகம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கணும். பேங்க், பாஸ்போர்ட், வாக்குச்சாவடி, கோர்ட் சாட்சி எல்லாவற்றிலும் முகத்தைக் காட்டத்தான் வேண்டும். மதத்தைச் சொல்லி அதை மறுத்தால் நான் அவர்கள் பக்கம் நிற்க மாட்டேன். அதற்குத் தேவை ஒரு பெண் ஊழியர், ஒரு மறைப்பு, ரெண்டு நிமிஷம். சரிபார்த்து முடிந்ததும் அவர் மறுபடி மூடிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதட்டும்.